இறுதியாண்டு பிராக்டிகல்: ஒரே ஒரு லாங் கேஸை வைத்து மாணவரை எடை போடலாமா?

கேள்வி: மெடிசின் உதவிப் பேராசிரியர்

வணக்கம். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைத்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றில், ஜெனரல் மெடிசின் துறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் முதல் பேட்ச் இறுதியாண்டுக்கு வந்துவிட்டது. 100 பேர். பல்கலைக்கழகத் தேர்வுக்கு முன்னால் வைக்கும் மாடல் பிராக்டிகலை நடத்தும் பொறுப்பை ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) என்னிடம் கொடுத்திருக்கிறார். அது விஷயமாகத்தான் கேட்கிறேன்.

சென்ற இன்டர்னலில் நடந்தது இது. ஒரு மாணவி, போஸ்டிங் நேரம் முடிந்த பிறகும் வார்டில் இருப்பார். பெண்கள் வார்டில் பாதிப் பேருக்கு அவரைப் பெயர் சொல்லித் தெரியும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ரவுண்ட்ஸில் எங்களிடம் சொல்லமாட்டார்கள், அவரிடம் சொல்வார்கள். தேர்வில் லாங் கேஸாக (ஒரே நோயாளியிடம் விவரம் கேட்டு, பரிசோதித்து, பிறகு எக்ஸாமினரிடம் சொல்வது) அவருக்கு விழுந்தது பாராப்லீஜியா, அதாவது இரண்டு கால்களும் செயலிழந்த நோயாளி. சென்சரி லெவலை (உடம்பில் எந்த மட்டத்துக்குக் கீழே உணர்வு குறைகிறது என்பதை) தவறாகச் சொல்லிவிட்டார். எக்ஸாமினர் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்துக் கேட்கக் கேட்க அவருக்கு வாய் எழவில்லை. ஃபெயில்.

இன்னொரு மாணவர் அட்டெண்டன்ஸுக்கு மட்டும் வார்டுக்கு வருகிறவர். அவருக்கு விழுந்தது மைட்ரல் ஸ்டெனோசிஸ் கேஸ். அந்த நோயாளி எங்கள் தேர்வுகளுக்கு வழக்கமாக வரும் பெரியவர். கூப்பிட்டால் பஸ் ஏறி வந்துவிடுவார், பேட்டா வாங்கிக்கொள்வார். மாணவர் உட்கார்ந்ததுமே, "தம்பி, எனக்கு வால்வு சுருங்கியிருக்கு. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, மூச்ச வெளிய விடச் சொல்லிட்டு வெச்சுக் கேளு, நல்லாக் கேக்கும்" என்று அவரே சொல்லிக்கொடுத்தார். பக்கத்துக் கட்டிலில் நின்றிருந்த என் காதில் விழுந்தது. மாணவர் பிரமாதமாக பிரசன்ட் பண்ணினார். நல்ல மார்க்.

எக்ஸாமினர்கள் நேர்மையானவர்கள். தாங்கள் கேட்டதற்குத்தான் மார்க் போட்டார்கள். ஆனால் நாளைக்கு என் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் இந்த இருவரில் யாரிடம் காட்டுவேன் என்று யோசித்தால், பதில் அந்த மார்க் ஷீட்டுக்கு நேர் எதிராக வருகிறது.

மாடல் தேர்வை முழுக்க ஆஸ்கியாக (OSCE, மாணவர்கள் பல சிறு நிலையங்களைச் சுற்றிவந்து ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்டும் தேர்வு) மாற்றிவிடலாமா? எங்கள் துறையில் மொத்தமே 8 பேர், வார்டையும் ஓ.பி.யையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். நோயாளியிடம் பேசுகிற விதத்துக்கு மார்க் போட முடியுமா, அல்லது அது அவரவர் அபிப்பிராயமாகத்தான் முடியுமா? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: சர்ஜரிக்காரர், மதுரை

லாங் கேஸைக் கைவிடாதீர்கள் மேடம். ஆஸ்கியில் நோயாளியை ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டிவிடுகிறோம். "இவருடைய வயிற்றைப் பரிசோதிக்கவும்" என்று பலகையில் எழுதி வைத்தால், வயிற்றைத்தான் பார்க்க வேண்டும் என்ற முடிவை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டோம். ஓ.பி.யில் வருகிறவர் "ஒரு மாசமா சோறு இறங்கல டாக்டர்" என்று மட்டும்தான் சொல்வார். அங்கிருந்து எங்கே போவது என்பது லாங் கேஸில்தான் தெரியும். உங்களுக்கு நடந்ததற்குக் காரணம் லாங் கேஸ் இல்லை. மாணவர் நோயாளியோடு இருந்த நேரம் முழுக்க எந்த எக்ஸாமினரும் அங்கே இல்லை, அதுதான் காரணம்.

பதில் 2: ஓய்வுபெற்ற மெடிசின் பேராசிரியர்

அம்மா, நீங்கள் சொல்லும் இரண்டு பிள்ளைகளும் எல்லா பேட்சிலும் உண்டு. முதல் வேலையாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மாடல் தேர்வுக்கு முன்னாலேயே ஒரு பாராப்லீஜியா நோயாளியிடம் கூட்டிப்போய், பஞ்சும் குண்டூசியும் கொடுத்து, கீழிருந்து மேலே அவரே லெவலைக் கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். தேர்வை எப்படி மாற்றுவது என்பது அதற்கு அடுத்தது.

சர்ஜரி டாக்டர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நம் ஊர் லாங் கேஸில் மாணவர் ஹிஸ்டரி எடுப்பதையும் யாரும் பார்ப்பதில்லை, பரிசோதிப்பதையும் யாரும் பார்ப்பதில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வந்து, அவர் சொல்வதைக் கேட்கிறோம். மண்ணீரலைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாரா, நோயாளியின் வாயைப் பிடுங்கிச் சொன்னாரா என்பது நமக்குத் தெரியாது. ஜார்ஜ் மில்லர் 1990-இல் வரைந்த பிரமிடை மெடிக்கல் எஜுகேஷன் ஒர்க்‌ஷாப்பில் பார்த்திருப்பீர்கள்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுகிறார், நிஜத்தில் செய்கிறார். லாங் கேஸ் மூன்றாவது படியைப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டு, பெரும்பாலும் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகிறோம். 2019-இல் வந்த புதிய பாடத்திட்டமும் ஒவ்வொரு திறனுக்குப் பக்கத்திலும் இது எந்தப் படி என்று குறித்துத்தான் வைத்திருக்கிறது. "செய்து காட்ட வேண்டும்" என்று அங்கே போட்டிருப்பதை வைவாவில் வாயால் கேட்டு முடித்துவிடுகிறோம்.

அடுத்தது அதிர்ஷ்டம். மருத்துவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று எல்ஸ்டீனும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டார்கள். ஒரு கேஸில் நன்றாக யோசித்தவர் அடுத்த கேஸிலும் அதேபோல் யோசிப்பார் என்று நம்ப முடியாது என்பது அதிலிருந்து தெளிவானது. பிற்பாடு வந்த ஆய்வுகளும் அதையே சொல்லின. எந்தக் கேஸ் விழுகிறது என்பதைப் பொறுத்து மார்க் மாறுகிறது. எக்ஸாமினர் கறாரானவரா, இளகிய மனசுக்காரரா என்பதால் வருகிற வித்தியாசத்தை விட இது பெரியது. சி.என்.எஸ். (நரம்பு மண்டல) கேஸ் விழக்கூடாது என்று பிள்ளைகள் சாமிக்கு வேண்டிக்கொள்கிறார்களே, அந்த பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு லாங் கேஸில் எவ்வளவு கவனமாக மார்க் போட்டாலும் அது ஒரு கேஸுக்கான மார்க்தான்.

அதற்காகத்தான் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் ஆஸ்கியைக் கொண்டுவந்தார். நிறைய நிலையங்கள், எல்லா மாணவருக்கும் அதே கேள்வி, ஒவ்வொரு நிலையத்திலும் வேறு எக்ஸாமினர். அதிர்ஷ்டம் பரவலாகிவிடும். 8 பேரை வைத்துக்கொண்டு 100 மாணவருக்கு நடத்த முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 நிலையம், நிலையத்துக்கு 5 நிமிடம், மாறிப்போக 1 நிமிடம். ஒரு சுற்று ஒரு மணி நேரம், அதில் 10 பேர் முடிப்பார்கள். 100 பேருக்கு 10 சுற்று, இரண்டு நாள். ஆசிரியர் நிற்க வேண்டிய நிலையங்கள் 4 போதும், மீதி 6 எழுதிக் கொடுப்பவை. உங்கள் ஆட்களில் 4 பேர் வார்டையும் ஓ.பி.யையும் பார்க்கலாம், மதியத்துக்கு மேல் ஆள் மாற்றிக்கொள்ளலாம். முடித்தவர்களும் காத்திருப்பவர்களும் சந்திக்காதபடி இரண்டு தனி அறை வையுங்கள், போனை வாங்கி வைத்துவிடுங்கள். இரண்டாம் நாளுக்குக் கேள்விகளை மாற்றுங்கள், நிலையத்தின் தரம் மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும் நிலையங்களுக்கு ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, ஏ.பி.ஜி. (இரத்த வாயுப் பரிசோதனை) எல்லோரும் வைப்பார்கள். நீங்கள் இறப்புச் சான்றிதழையும் ஒன்றாக வையுங்கள். கேஸ் ஷீட்டின் சுருக்கத்தைக் கொடுத்துப் படிவம் 4-ஐ நிரப்பச் சொல்லுங்கள். இறந்ததற்குக் காரணம் என்ற இடத்தில் "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்" என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். யார் இறந்தாலும் இதயமும் மூச்சும் நிற்கத்தான் செய்யும், அது காரணம் ஆகாது. ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர்கள் தொடப்போகிற படிவம் இது. தேர்வில் யாரும் கேட்காததால் யாரும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. பேசுகிற விதத்தைக் கண்டிப்பாக மதிப்பிடலாம். ஆள் நிற்கும் 4 நிலையங்களில் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். நோயாளியாக நடிக்க நர்சிங் டியூட்டர் ஒருவரைக் கேளுங்கள், மகிழ்ச்சியாகச் செய்வார்கள். (1963-இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளியாக நடிக்க வைத்தார். இந்த முறை அங்கிருந்துதான் வருகிறது.) சூழ்நிலை நம் ஊருடையதாக இருக்கட்டும். ஐம்பது வயது அம்மா, சர்க்கரை கட்டுப்படவில்லை, இன்சுலின் ஆரம்பிக்க வேண்டும். அவர் சொல்ல வேண்டியது ஒரே வரி: "ஊசி போட ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே டாக்டர், என் நாத்தனார் ஊசி போட்டுத்தான் கண்ணே போச்சு."

அந்த இடத்தில் மாணவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, போட்டுக்கணும்" என்பார் ஒருவர். இன்னொருவர் உடனே இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பெடுப்பார். யாரோ ஒருவர், "நாத்தனாருக்கு எத்தனை வருஷமா சர்க்கரை இருந்துச்சு?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். நாத்தனாருக்கு ஊசி கடைசியில் வந்தது, கண் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது என்பது அந்த அம்மாவுக்குத் தானாகவே புரியும். இந்த மூன்று பேருக்கும் ஒரே மார்க் போடுகிற ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

மார்க் போட இரண்டு தாள் வையுங்கள். ஒன்று செக்லிஸ்ட். இன்னொன்றில், செக்லிஸ்டைக் கூட்டாமலேயே, "தேறவில்லை, விளிம்பில் இருக்கிறார், தேறினார், நன்றாகச் செய்தார்" என்று ஒட்டுமொத்தமாக ஒரு டிக். அனுபவமுள்ளவர் போடும் இந்த டிக், செக்லிஸ்டுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதில் இன்னொரு பயனும் உண்டு. "விளிம்பில்" என்று டிக் வாங்கியவர்களின் செக்லிஸ்ட் மார்க்கின் சராசரியை எடுத்தால், அதுதான் அந்த நிலையத்தின் பாஸ் மார்க். கஷ்டமான நிலையத்துக்கு அது தானாகக் குறையும், எளிய நிலையத்துக்கு ஏறும். பல்கலைக்கழகத் தேர்வில் இப்படிச் செய்ய இடமில்லை, அங்கே விதிப்படிதான். உங்கள் மாடல் தேர்வில் செய்யலாம்.

லாங் கேஸையும் வையுங்கள், ஆனால் முதல் பத்து நிமிடம் ஒரு எக்ஸாமினர் கட்டிலுக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காரட்டும். உங்கள் மைட்ரல் பெரியவர் டயக்னோசிஸைச் சொல்லிவிட்டால் சொல்லட்டும். "சரி ஐயா, உங்களுக்கு முதல்ல என்ன தொந்தரவு வந்துச்சு?" என்று மாணவர் ஆரம்பத்துக்குப் போகிறாரா என்று பார்க்கலாம். நோய் பெயர் தெரிந்தபின் எக்ஸாமினரும் அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். மாடி ஏறினால் எத்தனை படியில் மூச்சு வாங்குகிறது, பென்சிலின் ஊசி எப்போது விட்டுப்போனது, ஏன் விட்டுப்போனது, இவர் வீட்டுக்குப் போனால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவற்றைப் பெரியவர் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்.

இவ்வளவும் சொன்னாலும் என் மனசில் பெரியதாக இருப்பது வேறு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போட்டுக் காட்டியவருக்கெல்லாம் சாலையில் வண்டி ஓட்டத் தெரியும் என்று சொல்ல முடியாது. தேர்வு நாளை எவ்வளவு திருத்தினாலும் அது எட்டு போடுவதுதான். பிரமிடின் உச்சி வார்டில்தான் இருக்கிறது. அங்கே போய்ப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் நார்சினி 1995-இல் முன்வைத்த மினி செக்ஸ் (Mini-CEX) என்ற மதிப்பீட்டு முறை. மாணவர் ஒரு நிஜ நோயாளியைப் பார்க்கும்போது ஆசிரியர் பதினைந்து இருபது நிமிடம் கூட நின்று பார்ப்பார். முடிந்ததும் அங்கேயே ஐந்து நிமிடம் என்ன நன்றாக இருந்தது, எதை மாற்ற வேண்டும் என்று சொல்வார். ஒன்பது புள்ளி அளவில் ஒரு சின்னத் தாள். ஒரு முறை பார்த்தால் அதுவும் லாங் கேஸ் மாதிரி அதிர்ஷ்டம்தான். ஒரே மாணவரை வருடத்தில் பல முறை, வெவ்வேறு ஆசிரியர், வெவ்வேறு நோயாளியோடு பார்த்தால் நம்பகமாகிவிடும்.

ரவுண்ட்ஸில் தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டாம். புது அட்மிஷன் ஒன்றை மாணவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். குறுக்கே பேசக்கூடாது, அது ஒன்றுதான் கஷ்டம். ஓர் எம்.பி.பி.எஸ். மாணவர் ஒரு நோயாளியிடம் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பேசுவதை ஆசிரியர் யாருமே ஒரு தடவைகூடப் பார்க்காமல் அவர் டாக்டராகி வெளியே போக முடியும் என்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை. நம்மிடம் வசதி குறைவு என்பது இதற்குச் சாக்கு ஆகாது. நோயாளியும் இருக்கிறார், மாணவரும் இருக்கிறார், ஆசிரியரும் அதே வார்டில்தான் இருக்கிறார்.

பதில் 3: ஹவுஸ் சர்ஜன்

பெரியவர்கள் பேசும் இடத்தில் மாணவர் பக்கத்தையும் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

ஆஸ்கி வந்ததும் நாங்கள் அதற்கென்றே தயாரானோம். சீனியர்களிடமிருந்து செக்லிஸ்ட் வந்துவிடும். "கை கழுவுகிறேன், என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன், அனுமதி கேட்கிறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலேயே முழு மார்க் வாங்கலாம். சார் சொல்லும் இரண்டாவது தாள் எங்களுக்கு இருந்திருந்தால் அந்தப் பழக்கமே வந்திருக்காது.

லாக்புக் (செய்து பழகியவற்றைக் குறித்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் நோட்டு) இன்னும் மோசம். போஸ்டிங் முடியும் கடைசி வாரம் எல்லாப் பக்கத்திலும் மொத்தமாகக் கையெழுத்து. கதீட்டர் போட்டதாக என் லாக்புக் சொல்கிறது. நிஜத்தில் நான் முதன்முதலில் போட்டது ஹவுஸ் சர்ஜனாகத்தான், ராத்திரி கேஷுவாலிட்டியில். அடைப்பு ஏற்பட்டு வயிறு புடைத்துப்போய் ஒரு தாத்தா கத்திக்கொண்டிருந்தார். பி.ஜி. (மேற்படிப்பு) அக்கா எனக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அவர் வாங்கிச் செய்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். செய்யவில்லை. "ஜெல்லி போட்டுட்டுக் கொஞ்சம் காத்திரு. யூரின் வரட்டும், அப்புறம் பலூனை ஊது" என்று மட்டும் சொன்னார். முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்டெரிலிட்டி நல்லா இருந்துச்சு. ஆனா தாத்தாகிட்ட என்ன பண்ணப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லல" என்றார். என் ஐந்தரை வருடத்தில் யாரோ ஒருவர் நான் செய்வதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்ன முதல் கருத்து அது. அதன் பெயர் மினி செக்ஸ் என்றெல்லாம் அக்காவுக்குத் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து ஊசி போடுவதாக இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

மேடம், முடிந்தால் பி.ஜி.க்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் எங்களோடு இருப்பது அவர்கள்தான்.

பதில் 4: மெடிசின் உதவிப் பேராசிரியர் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. அந்த மாணவியிடம் பேசினேன் சார். லெவலைக் கண்டுபிடிப்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. நோயாளிக்கு வலிக்குமோ என்று குண்டூசியை அழுத்தாமல் விட்டிருக்கிறார். எவ்வளவு அழுத்தலாம் என்று முதலில் என் கையில் குத்திப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு சரியாக வந்துவிட்டது.

எங்களுக்கு இன்னும் பி.ஜி. சீட் வரவில்லை. சீனியர் ரெசிடெண்டுகளைக் கேட்கிறேன். லாக்புக்கை அந்தந்த வாரமே பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று துறையில் பேசி முடிவு செய்துவிட்டோம். 10 நிலையத்துக்கும் ஹெச்.ஓ.டி. சரி சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு சந்தேகம். ஆள் நிற்கும் மற்ற 3 நிலையங்களுக்கு என்ன வைக்கலாம்? நிஜ நோயாளியை ஒரே நாளில் 50 பேர் தொட்டுப் பார்ப்பது நியாயமா?

பதில் 5: ஓய்வுபெற்ற மெடிசின் பேராசிரியர்

உங்கள் கையிலேயே குத்திப் பார்க்கச் சொன்னது நல்ல காரியம் அம்மா.

ஒன்று சி.பி.ஆர்., பொம்மையில். நிமிடத்துக்கு 100-இலிருந்து 120 அழுத்தம், 5-இலிருந்து 6 செ.மீ. ஆழம், 30-க்கு 2 மூச்சு. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுகிறாரா என்பதையும் பாருங்கள், பலர் கையை எடுக்காமல் சாய்ந்தபடியே இருப்பார்கள். பொம்மை ஒரு நாளைக்கு 50 பேரைத் தாங்கும். இரண்டாவது இரத்த அழுத்தம் பார்ப்பது. ஐந்தாவது வருடத்தில் இதையா வைப்பது என்று துறையில் சிரிப்பார்கள், வைத்துப் பார்த்தபின் சிரிக்க மாட்டார்கள். நாடியைத் தொட்டு முதலில் சிஸ்டாலிக்கைக் கணிக்கிறாரா, கை இதய மட்டத்தில் இருக்கிறதா, பருமனான கைக்குப் பெரிய கஃபைத் தேடி எடுக்கிறாரா, பாதரசத்தைக் கடகடவென்று இறக்காமல் நொடிக்கு 2 மி.மீ. இறக்குகிறாரா, அளவை நோயாளியிடம் சொல்கிறாரா. இதற்கு உடம்பு நன்றாக இருக்கும் ஆட்கள் போதும். ஊழியர்களில் நான்கு பேரைச் சுற்றுக்கு ஒருவராக மாற்றி உட்கார வையுங்கள்.

நிஜ நோயாளி மூன்றாவது நிலையத்தில் மட்டும். அதற்கு ஒரே ஒருவரை நம்பாதீர்கள். ஒரே மாதிரி மண்ணீரல் வீங்கியவர்கள், அல்லது ப்ளூரல் எஃப்யூஷன் (நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல்) உள்ளவர்கள், நாளைக்கு 5 பேராவது வேண்டும். ஒருவருக்கு ஒரு சுற்றுதான், 10 பேருக்கு மேல் தொடக்கூடாது. காய்ச்சல் இருப்பவர், மூச்சு வாங்குபவர், வலி இருப்பவர் வேண்டாம். முந்தின நாளே நீங்களே போய் என்ன நடக்கும் என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள், அட்டெண்டரை விட்டுக் கூப்பிடாதீர்கள். இடையில் "போதும்" என்றால் நிறுத்திவிடலாம் என்பதையும் சொல்லுங்கள், எக்ஸாமினருக்கும் சொல்லிவையுங்கள். காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பெண் நோயாளி என்றால் திரையும் கூட ஒரு சிஸ்டரும் கட்டாயம்.

பேட்டாவை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். பில் பாஸாகும்வரை அவர்களை அலைய விடாதீர்கள். இன்சுலின் நிலையத்துக்கு நடிக்கிறவருக்கு நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பும் இரண்டு தாள்களின் மாதிரியும் இருக்கின்றன. தட்டச்சு செய்து வார இறுதிக்குள் இங்கேயே போடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.